ஆளுக்கொரு கோடு: ‘ஜம்ப் ஃபோர்ஸ்’ செய்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பண்டாய் நாம்கோ எண்டர்டெயின்மெண்ட் நிறுவனத்தாருக்கும், ஷூயிஷாவின் வாராந்தர ஷோனென் ஜம்ப் மங்கா (ஜப்பானியப் படக்கதை) இதழின் ஆசிரியர் குழுவுக்கும்,

வணக்கம்.

என் தம்பி பள்ளியில் படித்த காலத்தில், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘டிராகன் பால்’ மங்காவின் நாயகன் கோக்குவின் தலையை வரைவான். கண், மூக்கு, வாய் எதுவும் இருக்காது. நீலப் பேனாவில் முடி மட்டும்தான். ஒரு பக்கம் சாய்ந்த கூர்கள், மறுபக்கம் அதற்கு எதிராகக் கிளம்பும் கூர்கள், நெற்றியில் விழும் ஒன்றிரண்டு. அவ்வளவுதான். வகுப்பில் யாரிடம் காட்டினாலும் “கோக்கு” என்று சொல்லிவிடுவார்கள். பெயரே தெரியாத பையன்கள்கூட “அந்த முடி நட்டுக்கிட்டு நிக்கிறவன்” என்று அடையாளம் சொன்னார்கள். கோக்குவைப் படைத்த அகிரா டொரியாமா போட்ட கோட்டில் பத்தில் ஒரு பங்குகூட அந்த நோட்டில் இல்லை. ஆனாலும் ஆள் வந்து நின்றுவிட்டார்.

உங்கள் இதழின் உண்மையான சொத்து இந்தக் கோடுதான் என்று நான் நினைக்கிறேன். உங்கள் இதழின் நாயகர்களை எல்லாம் ஒன்றாக மோதவிட்டு 2019 பிப்ரவரியில் வெளிவந்த ‘ஜம்ப் ஃபோர்ஸ்’ வீடியோ கேமில் காணாமல் போனதும் அதுதான்.

இத்தனை வருஷம் கழித்து இதை எதற்காகப் பேச வேண்டும்? 1968இல் பிறந்த ஜம்ப் இதழுக்கு 2028இல் 60 வயது. இருபதாம் ஆண்டையொட்டி நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியில் ஒரு ஜம்ப் கேம் வந்தது. 45ஆம் ஆண்டை வைத்து ‘ஜே-ஸ்டார்ஸ் விக்டரி விஎஸ்’ 2014இல் வந்தது. ஐம்பதுக்கு ஜம்ப் ஃபோர்ஸ். அறுபதுக்கும் ஏதாவது செய்யலாமே என்று உங்கள் அலுவலகங்களில் யாராவது ஒருவர் பேச்சை எடுக்காமல் இருக்க மாட்டார். அந்தப் பேச்சு முடிவாகி, வேலை பாதி நடந்து, ட்ரெய்லரும் வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

2018 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் ஈ3 வீடியோ கேம் விழாவில், மைக்ரோசாஃப்ட் மேடையில் முதல் ட்ரெய்லர் ஓடியதை மறக்க முடியாது. நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர் இடிந்து கிடக்கிறது. அங்கே டிராகன் பால் வில்லன் ஃப்ரீஸா. எதிரில் கோக்கு, ‘ஒன் பீஸ்’ லூஃபி, நருட்டோ. மூன்று தலைமுறை வாசகர்களின் மூன்று நாயகர்கள் ஒரே தெருவில். கடைசியில் ‘டெத் நோட்’டின் லைட் யாகாமியும் ரியூக்கும் தலைகாட்டினார்கள். அன்றே பலருக்கு ஒரு உறுத்தலும் இருந்தது. இவர்கள் தோல் ஏன் இப்படி மினுங்குகிறது, முகம் ஏன் இப்படி உறைந்திருக்கிறது என்று. அது ட்ரெய்லர்தானே, கேம் வரும்போது சரியாகிவிடும் என்று தங்களையே தேற்றிக்கொண்டார்கள். எட்டு மாதத்தில் கேம் வந்தது. முகம் அப்படியேதான் இருந்தது.

அப்புறம் விமர்சனங்கள் வந்தன. பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்கு, விமர்சன மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் நூற்றுக்குச் சராசரி ஐம்பதுகளிலேயே நின்றுவிட்டது. தொடக்கத்திலேயே 40 பாத்திரங்கள், 50 ஆண்டுப் பெருமை, அன்ரியல் எஞ்சின் 4 என்ற கேம் செய்யும் மென்பொருள், டொரியாமாவே வரைந்து கொடுத்த புதுப் பாத்திரங்கள். இத்தனையும் கையில் இருந்து அந்த மதிப்பெண். விமர்சகர்கள் வன்மத்தில் எழுதவில்லை. பலரும் பாராட்டிய விஷயங்களும் உண்டு. சிறப்புத் தாக்குதல்கள் திரையை நிறைத்து வெடிக்கும் விதம், அடி வாங்க வாங்க உடை கிழிந்து உடம்பில் காயம் தெரிவது, இதையெல்லாம் நல்லது என்றுதான் எழுதினார்கள். எனக்கும் அந்தக் கிழிசல் பிடிக்கும். ஜம்ப் கதைகளில் கடைசி அத்தியாயத்துச் சண்டையில் யாருமே முழுச் சட்டையோடு நிற்பதில்லை. அதை யாரோ கவனித்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் கதை, கட்சீன் (ஆட்டத்தின் நடுவே ஓடும் கதைக் காட்சி), தோற்றம், லோடிங் என்று வரும்போது எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே குறையைத்தான் சொன்னார்கள். அத்தனை பேர் ஒரே இடத்தில் விரல் வைத்தால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

தோற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நிஜ உலகமும் ஜம்ப் உலகங்களும் ஒன்றோடொன்று மோதிக் கலக்கின்றன என்பது உங்கள் கதை. அதனால் பாத்திரங்களும் நிஜ மனிதர்களைப்போல இருக்கட்டும் என்று முடிவெடுத்தீர்கள். அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் லூஃபியை எடுத்துக்கொள்ளுங்கள். எயிச்சிரோ ஓடா வரையும் லூஃபிக்குக் கண் என்பது ஒரு வட்டமும் ஒரு புள்ளியும். சிரித்தால் முகத்தில் பாதி வாயாகிவிடும். கோபம் வந்தால் அதே முகத்தில் நிழல் விழுந்து வேறு ஆளாகிவிடும். உடம்பு ரப்பர் என்பது கதையில் அவன் சாப்பிட்ட பழத்தால் வந்தது. ஓடாவின் பேனாவிலோ அவன் பழம் சாப்பிடுவதற்கு முன்பிருந்தே ரப்பர்தான். கதையில் அந்தப் பழம் இல்லாவிட்டாலும் அந்த முகம் அப்படித்தான் இழுபட்டிருக்கும். இந்த முகத்துக்கு நீங்கள் தோல் போர்த்தினீர்கள். தோலில் துளை, உதட்டில் ஈரம், வைக்கோல் தொப்பியில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக. தொப்பி அழகாகத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே இருக்கிற முகம் நகரவில்லை. கட்சீனில் அவன் பேசும்போது கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், மனசு எங்கேயோ. கடை வாசலில் நிற்கிற பொம்மைக்கு லூஃபியின் சட்டையை மாட்டியதுபோல இருக்கிறது.

எல்லோருக்கும் அப்படி ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘ஃபிஸ்ட் ஆஃப் த நார்த் ஸ்டார்’ கென்ஷிரோ உங்கள் கேமில் நன்றாகவே இருக்கிறார். டெட்சுவோ ஹாராவின் பேனா முதலிலிருந்தே தசையையும் நிழலையும் நம்பிய பேனா. எண்பதுகளின் அதிரடிப் பட நாயகர்களின் உடம்பை அவர் காகிதத்தில் கொண்டு வந்தவர். அந்த உடம்புக்கு உங்கள் தோல் பொருந்தியது. ‘சிட்டி ஹண்டர்’ ரியோ சாயெபாவும் தப்பித்துக்கொண்டார், சுகாசா ஹோஜோவின் மனிதர்கள் நிஜ மனிதர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் என்பதால். இந்த இருவரையும் பார்த்த பிறகு எனக்கு விஷயம் இன்னும் தெளிவானது. நீங்கள் ஒரே ஒரு தோலைத் தைத்தீர்கள். அது இரண்டு பேருக்கு அளவெடுத்ததுபோல இருந்தது. மீதிப் பேருக்கு இரவல் சட்டை.

பணம் பத்தவில்லை, எஞ்சின் சரியில்லை என்றெல்லாம் யாரும் சொல்ல முடியாது. ஏனென்றால் இதற்கு ஒரு வருஷம் முன்னால், 2018 ஜனவரியில், இதே பண்டாய் நாம்கோ வெளியிட்டதுதான் ‘டிராகன் பால் ஃபைட்டர்இசட்’. அதுவும் அன்ரியல் எஞ்சின் 4 தான். ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் செய்தது. அங்கே பாத்திரங்கள் எல்லாம் முப்பரிமாண மாடல்கள், ஆனால் பார்க்கிற கண்ணுக்குக் கையால் வரைந்த படம். தங்கள் முந்தைய கேமான ‘கில்டி கியர் எக்ஸ்ஆர்டி’ காலத்திலிருந்து அவர்கள் வளர்த்தெடுத்த முறை அது. 2015இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் அதை மேடையேறி விளக்கியும் இருக்கிறார்கள். ஒளித்து வைத்த வித்தை இல்லை. ஒரு அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் நடுவில் கம்ப்யூட்டர் தானாக வழுவழுவென்று நிரப்பித் தருமே, அதை வேண்டாம் என்று விட்டார்கள். ஒவ்வொரு நிலையையும் ஒரு ஓவியர் நிறுத்தி வைக்கிறார். குத்து விடும்போது கை நிஜமாகவே பெரிதாகிறது, ஏனென்றால் மங்காவில் கை பெரிதாகத்தான் வரும். முகத்தில் நிழல் எங்கே விழ வேண்டும் என்பதையும் ஓவியரின் கண்தான் தீர்மானிக்கிறது.

அந்த கேமில் ஒரு முடிவுக் காட்சி உண்டு. சரியான இருவர் சரியான இடத்தில் மோதி, சரியான அடியில் சண்டை முடிந்தால் மட்டும் வரும். சிறுவன் கோஹான் ஒற்றைக் கையால் காமேஹாமேஹா என்ற ஒளித் தாக்குதலை விடுகிறான், மற்றக் கை செயலிழந்து தொங்குகிறது. அவனுக்குப் பின்னால் இறந்துபோன அப்பா கோக்குவின் உருவம். எதிரே வில்லன் ‘செல்’ கரைந்து போகிறான். டிராகன் பால் தெரிந்தவனுக்கு அந்தச் சட்டகம் மனப்பாடம். எந்தக் கோணத்தில் தலை சாய்ந்திருக்கும், எங்கே பல் கடித்திருக்கும் என்பது வரை தெரியும். திரையில் அது அப்படியே வந்து நிற்கும்போது தொண்டை அடைக்கிறது. அந்த கேமின் மெட்டாகிரிட்டிக் சராசரி 80க்கு மேலே. எண்ணை விடுங்கள். டொரியாமாவின் கோட்டை வேறு கருவியில் மறுபடியும் போட ஒரு குழுவால் முடிந்தது, அதுவும் உங்கள் கூரையின் கீழ். ஆனால் அடுத்த வருஷமே அதே கோக்குவை இன்னொரு குழு நெகிழிப் பொம்மையாக்கியது. இரண்டையும் வெளியிட்டவர் ஒருவர்தான் என்பதை ஏற்க இப்போதும் மனசு ஒப்பவில்லை.

ஜம்ப் ஃபோர்ஸைச் செய்த ஸ்பைக் சுன்சாஃப்ட் குழுவின் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ‘டங்கன்ரோன்பா’ கேம்களைச் செய்த வீடு அது. தட்டையான அட்டை உருவங்களை முப்பரிமாண அறையில் நிறுத்தி, அதையே ஒரு அழகாக்கிக் காட்டியவர்கள். கோட்டை மதிக்கத் தெரியாதவர்கள் இல்லை. நிஜம்போல இருக்க வேண்டும் என்ற அந்த ஒரு முடிவு அவர்கள் கையைக் கட்டிப்போட்டது என்றே நினைக்கிறேன்.

தோற்றத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சண்டையிலும் இதேதான் நடந்தது. எல்லோருக்கும் ஒரே பட்டன் அமைப்பு. சின்ன அடி, பெரிய அடி, பிடி, நாலு சிறப்புத் தாக்குதல், பாய்ந்து நெருங்க ஒரு ஓட்டம். கையில் கன்ட்ரோலரை வாங்கிய ஐந்தாவது நிமிஷமே யாரையும் ஆடிவிடலாம் என்பது நல்ல எண்ணம்தான். சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து ஆட வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் ‘ஒன் பீஸ்’ வாள்வீரன் ஸோரோவை விட்டுவிட்டு ‘ஹண்டர் × ஹண்டர்’ ஹிசோகாவை எடுத்தால் கைக்கு வித்தியாசம் தெரிய வேண்டாமா? ஹிசோகா என்பவன் காத்திருக்கிறவன், ஏமாற்றுகிறவன், தன் வித்தையைக் கடைசி நொடி வரை மறைக்கிறவன். ஸோரோ நேராக வந்து வெட்டுகிறவன். இருவரும் ஒரே தாளத்தில் ஒரே பட்டனை அடித்து ஒரே தூரம் பாய்கிறார்கள். வெடிக்கிற வெளிச்சத்தின் நிறம் மட்டும் வேறு.

மூன்று பேர் அணி என்றீர்கள். ஆனால் மூவருக்கும் உயிர்க்கோடு ஒன்றுதான். ஒருவர் விழுந்தால் மூவரும் விழுந்த மாதிரி. மூவருக்கும் ஒரே உயிர் என்பதுதானே நட்பு என்று சொல்லலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நட்பு, முயற்சி, வெற்றி என்ற மூன்று சொற்களை வைத்து வளர்ந்த இதழ் உங்களுடையது. அந்த இதழில் நட்பு எப்படி வரும்? ஒருவன் விழுவான். விழுந்தவனைப் பார்த்து மற்றவன் எழுவான். நண்பன் கிரில்லின் வெடித்துச் சிதறிய பிறகுதான் கோக்குவின் முடி பொன்னிறமாகிறது. விழுவதற்கும் எழுவதற்கும் நடுவில் ஒரு பக்கத்தைத் திருப்ப வேண்டியிருக்குமே, அந்த ஒரு நொடிக்காகத்தான் நாங்கள் படித்தோம். எல்லோரும் சேர்ந்தே விழுகிற அணியில் அந்த நொடிக்கு இடமே இல்லை.

கதையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நாம் உருவாக்கும் பாத்திரம் நியூயார்க் தெருவில் ஃப்ரீஸாவின் தாக்குதலில் சிக்கி விழுகிறது, டிராகன் பாலின் டிரங்க்ஸ், உம்ப்ராஸ் கியூப் என்ற சக்திக் கனசதுரம் ஒன்றை வைத்து உயிர் கொடுக்கிறார். நல்ல தொடக்கம். அதன்பிறகு ஒரு பெரிய தளம், அதில் ஓடி ஓடி ஆட்களைத் தேடிப் போவது, லோடிங், பேச்சு, லோடிங், சண்டை, லோடிங், மறுபடியும் பேச்சு. அந்தப் பேச்சிலும் பாதிக்குக் குரல் இல்லை, எழுத்து மட்டும். பிறகு வந்த பேட்ச்களில் (திருத்தப் பதிப்புகளில்) சிலதைச் சரிசெய்தீர்கள். அதையும் மறைக்கக் கூடாது.

எனக்கு வருத்தம் வேறு. இத்தனை பேரை ஒரே அறையில் உட்கார வைத்தீர்கள், ஒருவரோடு ஒருவர் பேசவே விடவில்லை.

ஸோரோவும் ‘ருரோனி கென்ஷின்’ தொடரின் ஹிமுரா கென்ஷினும் அந்தத் தளத்தில் எதிரெதிரே நிற்க முடிகிறது. ஒருவன் உலகத்தின் சிறந்த வாள்வீரன் ஆகப்போகிறவன். மற்றவன் இனி யாரையும் கொல்ல மாட்டேன் என்று கூர் திரும்பிய வாளை ஏந்தியவன். இந்த இரண்டு வாள்களும் ஒன்றை ஒன்று பார்த்தால் என்ன பேசிக்கொள்ளும்? இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஓடா தன் சொந்தத் தொடரைத் தொடங்குவதற்கு முன்னால் கென்ஷின் தொடரில் உதவியாளராக வேலை பார்த்தவர். அதாவது ஸோரோவை வரைந்த கை, அதற்கு முன்னால் கென்ஷின் பக்கங்களில் வேலை செய்த கை. ஜம்ப் இதழின் ஐம்பது வருஷமும் இப்படித்தான் கையிலிருந்து கைக்குப் போயிருக்கிறது. கொண்டாட வேண்டியது அதைத்தான். உங்கள் கதையில் அவர்கள் இருவரும் “வில்லன்களை ஒழிப்போம்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்புகிறார்கள்.

உங்களுக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். 2006 டிசம்பரில் உங்கள் இதழிலேயே ஓடாவும் டொரியாமாவும் சேர்ந்து ‘க்ராஸ் எபோக்’ என்று ஒரு சிறு மங்கா வரைந்தார்கள். டிராகன் பால் ஆட்களும் ஒன் பீஸ் ஆட்களும் வெவ்வேறு வழியாகப் பயணம் போகிறார்கள். எங்கே என்று பார்த்தால் டிராகன் ஷென்ரோன் கொடுக்கிற தேநீர் விருந்துக்கு. அவ்வளவுதான் கதை. உலகம் அழியவில்லை, கனசதுரம் எதையும் யாரும் தேடவில்லை. ஒரே பக்கத்தில் இரண்டு கைகளின் கோடு பக்கம் பக்கமாக நிற்கிறது. டொரியாமாவின் உருண்டையான, அளந்து வைத்த கோடு. ஓடாவின் நெரிசலான, எங்கே பார்த்தாலும் யாராவது கத்துகிற கோடு. இரண்டும் ஒன்றை ஒன்று விழுங்கவில்லை. வெவ்வேறு கதைகளின் ஆட்கள் சந்திக்கிற ‘கிராஸ்ஓவர்’ என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல பொருள் இல்லை.

கேமிலும் அது முடியும் என்பதற்கு ஆதாரம் உங்கள் கதாநாயகர்கள் ஏற்கெனவே வாழ்ந்த இரண்டு கேம்களில் இருக்கிறது. 2005இல் வந்த ‘ஜம்ப் சூப்பர் ஸ்டார்ஸ்’, 2006இல் வந்த ‘ஜம்ப் அல்டிமேட் ஸ்டார்ஸ்’. நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கு ஃபுகுவோகாவின் கன்பாரியன் செய்தது. வெளியிட்டது நிண்டெண்டோ. ஜப்பானை விட்டு வெளியே வரவே இல்லை. இருந்தும் உலகம் முழுக்க ஆட்கள் இறக்குமதி செய்து ஆடினார்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அந்தச் சின்னக் கையடக்கக் கருவியில் இரண்டு திரை. மேலே சண்டை. கீழே தொடுதிரையில் நாலுக்கு ஐந்து கட்டம். அந்தக் கட்டங்களை ‘கோமா’க்களால் நிரப்ப வேண்டும். கோமா என்றால் மங்காவின் ஒரு சட்டகம். நிஜமான மங்காவில் வந்த அதே சட்டகம், அதே கறுப்பு வெள்ளையில். ஒரு கட்டம் மட்டும் அடைக்கிற சின்னச் சட்டகம் உதவிக்கு. இரண்டு மூன்று கட்டம் அடைப்பது சண்டை நடுவே வந்து ஒரு அடி அடித்துவிட்டுப் போகிற துணைக்கு. நாலு கட்டமும் அதற்கு மேலும் என்றால் நீங்களே ஆடுகிற வீரர். பெரிய சட்டகம் வேண்டுமா, சின்னச் சட்டகங்கள் நிறைய வேண்டுமா என்று யோசித்து யோசித்து அடுக்க வேண்டும். அடுக்கி முடித்ததும் கீழே தெரிவது என்ன? ஒரு மங்கா பக்கம். நீங்களே உங்கள் விரலால் கோர்த்த பக்கம். சண்டை நடக்கும்போது அந்தப் பக்கத்தில் ஒரு சட்டகத்தைத் தொட்டால் அந்த ஆள் மேலே குதித்து வருவான்.

அந்த கேமில் நிழல் இல்லை, தோல் இல்லை, ஆழம் இல்லை. ஆளுக்கு ஒரு கட்டைவிரல் உயரம். ஆனாலும் ஒவ்வொருவரும் அவரவர் கோட்டில் இருந்தார்கள். ஜம்ப் படிக்கிறவன் எதைக் காதலிக்கிறான் என்பதைப் புரிந்துகொண்ட கேம் அது. அவன் காதலிப்பது கோக்குவின் முடியிழையை இல்லை. அவன் காதலிப்பது பக்கத்தை.

இப்போது இன்னொரு வருத்தம். ஜம்ப் ஃபோர்ஸின் நாற்பது பேரில் சிரிக்க வைக்கிறவர் எத்தனை பேர்? ஜே-ஸ்டார்ஸ் குறைகள் நிறைந்த கேம்தான், ஆனால் அதில் டொரியாமாவின் குட்டி ரோபோ அராலே இருந்தாள், கின்டோக்கி இருந்தார், போபோபோ இருந்தார், ரியோட்சு கான்கிச்சி இருந்தார். ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு இவர்களில் ஒருவருக்கும் அழைப்பு இல்லை. காரணம் எனக்குத் தெரிந்தவரை அந்தத் தோல்தான். அராலே ஓடி வந்து பூமியையே குத்திப் பிளப்பதை நிஜத் தோலோடு காட்டிப் பாருங்கள், பயமாக இருக்கும். நிஜம்போல வேண்டும் என்று முடிவெடுத்த அன்றே சிரிப்பு வெளியே போய்விட்டது. பெண் பாத்திரங்களும் அப்படித்தான், விரல் விட்டு எண்ணிவிடலாம். ருக்கியா, போவா ஹான்காக், காகுயா என்று ஒரு கை போதும். பிஸ்கெட்டும் யொருய்ச்சியும் வந்தது பிறகு தனியாக விற்ற பொதிகளில்.

ரியோட்சுவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். டோக்கியோ கட்சுஷிக்காவில் காமேஆரி பூங்கா எதிரில் ஒரு சின்னப் போலீஸ் சாவடி. அதில் வேலையே செய்யாமல், எப்போதும் ஏதாவது குறுக்கு வழியில் காசு பார்க்கத் திட்டம் போடுகிற, புருவம் இரண்டும் ஒட்டிய ஒரு போலீஸ்காரர். ஒசாமு அகிமோட்டோ 1976இலிருந்து 2016 வரை நாற்பது வருஷம் அந்த ஆளை வாரம் தவறாமல் வரைந்தார். 200 தொகுதிகள். கோக்கு வந்தார், போனார். கென்ஷிரோ வந்தார், போனார். ஸ்லாம் டங்க் வந்தது, முடிந்தது. ரியோட்சு மட்டும் அதே சாவடியில் உட்கார்ந்திருந்தார். 1994 கடைசியில் இதழ் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டிய அந்த உச்ச வாரத்திலும் அவர் இருந்தார். பிற்பாடு விற்பனை சரிந்தபோதும் இருந்தார். காமேஆரி ரயில் நிலையத்தில் இறங்கினால் இன்றும் வெண்கலத்தில் நிற்கிறார். ஜம்ப் இதழின் ஐம்பது வருஷத்தை ஒரே ஆள் சொல்ல வேண்டும் என்றால் அது அவர்தான். ஐம்பதாம் ஆண்டு கேமில் அவர் இல்லை.

கடைசியாக, கேமை மூடிய விதம். 2020 ஆகஸ்ட் 28இல் நிண்டெண்டோ ஸ்விட்ச் பதிப்பு வந்தது. 2022 பிப்ரவரி 7இல் எல்லாக் கருவிகளிலும் டிஜிட்டல் விற்பனை நின்றது. அதாவது ஸ்விட்ச் பதிப்பு கடையில் இருந்தது ஒன்றரை வருஷம்கூட இல்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 24இல் ரேங்க் போட்டி உள்ளிட்ட ஆன்லைன் சேவைகளும் மூடப்பட்டன. வாங்கியவர்கள் தொடர்ந்து ஆடலாம் என்பது சரி. புதிதாக யாரும் வாங்க முடியாது. பழைய டிஸ்க் எங்காவது கிடைத்தால் உண்டு. கைபா, ஆல் மைட், ஹிட்சுகாயா, லா, மதாரா, மெருவெம், ஜியோர்னோ என்று பின்னால் சேர்த்த பதினான்கு பேரும் அதோடு போய்விட்டார்கள். பல ஆசிரியர்களின் பல உரிமைகள் சேர்ந்த கேம், அதை நிரந்தரமாக வைத்திருப்பது எளிதில்லை என்று தெரியும்.

ஆனால் டொரியாமா 2024 மார்ச் 1 அன்று மறைந்தார். க்ளோவர், நேவிகேட்டர், கேன், கலேனா ஆகிய நால்வரும் அவர் இந்த கேமுக்காகவே வரைந்தவர்கள். வேறெங்கும் அவர்களுக்கு வீடு இல்லை. அவர் இனி புதிதாக ஒரு கோடு போடப் போவதில்லை, அவர் போட்ட இந்தக் கோடுகளோ கடையில் இல்லாத ஒரு கேமுக்குள் அடைபட்டிருக்கின்றன. கேம் சுமாராக இருந்தது என்பதற்காக அது அழியலாம் என்று நான் நினைக்கவில்லை. எனக்குப் பிடிக்காத கேமுக்காகத்தான் இதைக் கேட்கிறேன். அதன்மேல் பிரியம் வைத்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காகவும் கேட்கிறேன். ஆன்லைன் இல்லாத, எல்லாப் பாத்திரங்களும் சேர்ந்த ஒரு டிஸ்க்கை ஒரே ஒரு முறையாவது மறுபடி விடுங்கள். அது முடியாது என்றால் அந்த நால்வருக்கும் டொரியாமா வரைந்த மூலப் படங்களையாவது ஒரு புத்தகமாகப் போடுங்கள்.

2028க்கு வருகிறேன். நாற்பது பேர் வேண்டாம், இருபது பேர் போதும். ஒவ்வொருவரையும் அவரவரை வரைந்த கையைப் பார்த்துச் செய்யுங்கள். கென்ஷிரோவுக்கு நிழல் கொடுங்கள், லூஃபிக்கு அந்த இரண்டு புள்ளிக் கண்ணை விட்டுவிடுங்கள். ஒரே திரையில் இருவரும் பொருந்தாமல் நிற்கட்டும். இதழைப் புரட்டும்போது அப்படித்தான் இருக்கும், இந்தப் பக்கம் ஒரு உலகம், அடுத்த பக்கம் வேறு உலகம், நடுவில் ஒரு தாள். அது யாருக்கும் உறுத்தியதே இல்லை. நிண்டெண்டோவோடும் கன்பாரியனோடும் உட்கார்ந்து பேசி, அந்த டிஎஸ் கேமை இன்றைய கருவிகளில், ஜப்பானுக்கு வெளியே இருக்கிறவர்களும் வாங்கும்படி கொண்டு வர முடியுமா என்றும் பாருங்கள்.

அப்புறம், பாத்திரங்களைத் தேர்வு செய்கிற திரையில், ஒரு மூலையில், காமேஆரி போலீஸ் சாவடி ஒன்றை வையுங்கள். அவர் உள்ளே உட்கார்ந்திருக்கட்டும். சண்டைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து உங்கள் இதழைத் தெரிந்துகொண்ட ஒரு வாசகன்